கோச்சடைக் குளிர் அறையில் பதினொன்று

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே ஓர் அலகு மாற்று அட்டவணையைக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். எங்கள் காலத்தில் அது இல்லை. ஒரு பக்கம் இங்கிலீஷ் இயந்திரம், இன்னொரு பக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்த இயந்திரம், நடுவில் நாங்கள். இப்போது எல்லாம் வாட், மீட்டர் என்று ஒரே பாஷையாகிவிட்டது. ஆனாலும் பழைய ஐஸ் பாக்டரிகளுக்கு வேலையாகப் போனால் பழைய எண்கள் இன்னும் சுவரில் இருக்கும். அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்ளும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

குளிர் அறை என்பது வெயிலோடு நாம் போட்டுக்கொண்ட ஒரு தற்காலிக உடன்பாடு. சுவருக்குள் எவ்வளவு கார்க் பலகை வைத்தாலும் வெளியே உள்ள சூடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு சதுர அடிச் சுவர் வழியாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வருகிறது என்பதற்கு இப்போதைய பாடப் புத்தகத்தில் வெப்பப் பாய அடர்த்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கசிவு என்போம். இங்கிலீஷ்காரர்கள் அதைத் தங்கள் சூட்டு அலகான பி.டி.யு.வில், சதுர அடிக்கு மணிக்கு இத்தனை என்று சொன்னார்கள். ஐரோப்பாக்காரர்கள் சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை கிலோ கலோரி என்றார்கள். சுவர் ஒன்றுதான், சூடும் ஒன்றுதான். எண் மட்டும் வேறு.

யுத்தம் தொடங்கியதற்கு அடுத்த வருஷக் கோடையில் நான் மதுரையில் இருந்தேன். மதராஸிலிருந்த ஒரு இயந்திர ஏஜென்சி என்னை அங்கே போட்டிருந்தது. கோச்சடையில் சங்கரலிங்கம் என்பவரின் ஐஸ் பாக்டரி. அதற்குள் ஒரு சிறிய குளிர் அறையும் இருந்தது. யுத்தத்துக்குச் சற்று முன்னால்தான் ஐரோப்பாவிலிருந்து வரைபடத்தோடும் இயந்திரத்தோடும் வந்திறங்கி, நான் கூட இருந்து பூட்டியது. அதன் பிறகு அந்தக் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

முதலாளி சங்கரலிங்கத்துக்கு அந்த அறையின் மேல் பெருமை. அதன் கதவில் பாக்டரிப் பெயர், அறையின் அளவு, கசிவு எல்லாவற்றையும் எழுதச் சொல்லி ஒரு பெயிண்டரைப் பிடித்திருந்தார். பெயிண்டர் பெயரைத் தாராளமாக எழுதிவிட்டார். கடைசி வரிக்கு வரும்போது இடம் போதவில்லை. ‘கசிவு: 11’ என்று எழுதி, மிச்சமிருந்த துளி இடத்தில் ஒரு தாமரை போட்டு முடித்துவிட்டார். பதினொன்று என்ன என்பது இல்லை. அலகு எழுத இடமில்லை என்றால் எண்ணையும் விட்டுவிடுவது நல்லது. தாமரை மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வந்திருக்காது.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே சுற்றுப்புறத்தில் இரண்டு மூன்று ஊர்களில் காலரா தலைகாட்டியிருந்தது. திருவிழாவுக்கு ஆற்று மணலில் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் ஊசி போடுவதற்காகத் தடுப்பு மருந்துப் பெட்டிகள் வந்து எங்கள் குளிர் அறையில் இறங்கின. அவற்றுக்குப் பொறுப்பு டாக்டர் மரகதம். நாற்பது வயதிருக்கும். தல்லாகுளத்தில் வீடு. அதிகம் பேச மாட்டார். பேசினால் பெரும்பாலும் கேள்வியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்த மண்ணெண்ணெய்க் குளிர் பெட்டியில் நாலு பெட்டிக்கு மேல் வைக்க முடியாது என்பதால் எங்களிடம் வந்திருந்தார்.

திருவிழாக் கூட்டம் வந்து சேர ஆரம்பித்த நாள் காலையில் இஞ்சின் நின்றுவிட்டது. அந்த எண்ணெய் இஞ்சின்தான் குளிரை உண்டாக்கும் அமோனியா கம்ப்ரஸரை ஓட்டும். இஞ்சின் டிரைவர் காதர் பாய் கழற்றிப் பார்த்துவிட்டு, சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டிருப்பதாகச் சொன்னார். அதே மாதிரி இஞ்சின் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் சும்மா கிடப்பது அவருக்குத் தெரியும். லாரியில் போய் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, பொருத்தி, ஓட்டிக் காட்ட இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிப் போனார். அன்றைக்கு எங்கள் எல்லாரிலும் தன் வேலை என்னவென்று சந்தேகமில்லாமல் தெரிந்தவர் அவர்தான்.

இஞ்சின் இல்லாமல் அறை குளிராக இருக்க வேண்டுமானால் உள்ளே ஐஸ் வைக்க வேண்டும். ஐஸ் பாக்டரியில் அதற்கென்ன பஞ்சம் என்று நினைப்பீர்கள். திருவிழா நேரம். தண்ணீர்ப் பந்தல்களுக்கும் சோடாக் கடைகளுக்கும் விடியற்காலையிலேயே வண்டி வண்டியாகப் போய்விட்டது. ஊரில் இருந்த இன்னொரு பாக்டரியிலும் அதே நிலைமை. எங்கள் கிடங்கில் உமியில் புதைத்து வைத்திருந்த ஐஸ் பார்கள் பத்து மிச்சம். ஒவ்வொன்றும் நூறு ராத்தல், இன்றைய கணக்கில் நாற்பத்தைந்து கிலோ.

முதலாளி எனக்கு ஆளனுப்பிய கையோடு தேவசகாயம் சாருக்கும் அனுப்பியிருந்தார். தேவசகாயம் சார் ரயில்வேயில் கொதிகலன்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற இஞ்சினியர். முதலாளிக்கு ஆலோசகர். இரும்பிலும் நீராவியிலும் அவருக்கு இருந்த அறிவில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் இன்னும் பெரிய ஆளாக ஓய்வு பெற்றிருப்பேன். நான் சைக்கிளில் போய்ச் சேரும்போது அவர் ஏற்கெனவே கணக்கை முடித்திருந்தார்.

அவர் கணக்கு நேர்மையானது. கதவைப் பார்த்தார், பதினொன்று என்றிருந்தது. வாழ்நாள் முழுக்க பி.டி.யு.விலும் சதுர அடியிலும் சிந்தித்தவர். சதுர அடிக்கு மணிக்குப் பதினொரு பி.டி.யு. என்று எடுத்துக்கொண்டார். அறையின் உள்பரப்பு மொத்தம் ஐந்நூறு சதுர அடி. பெருக்கினால் மணிக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. ஒரு ராத்தல் ஐஸ் உருக நூற்று நாற்பத்து நாலு பி.டி.யு. வேண்டும். அப்படியானால் மணிக்கு முப்பத்தெட்டு ராத்தல் ஐஸ் போகும். பத்து பாரும் நாளைக்கு இதே நேரத்துக்கெல்லாம் தண்ணீர். எனவே மருந்தை உடனே வெளியே எடுத்து, நனைந்த சாக்கில் சுற்றி, காரில் கொடைக்கானல் மலைக்கு ஏற்றிவிட வேண்டும். கார்கூட வந்து வாசலில் நின்றது.

நான் பூட்டிய அறை அது. வரைபடத்தில் இருந்தது பதினொரு கிலோ கலோரி, சதுர மீட்டருக்கு. கிலோ கலோரியை பி.டி.யு. ஆக்க ஏறக்குறைய நாலால் பெருக்க வேண்டும். சதுர மீட்டரைச் சதுர அடிக்குக் கொண்டுவர ஏறக்குறைய பதினொன்றால் வகுக்க வேண்டும். பதினொன்று நாலாகிவிடும். நாலு என்றால் மணிக்குப் பதினாலு ராத்தல். பத்து பார் மூன்று நாளைக்குத் தாங்கும். மருந்து மலைக்குப் போக வேண்டியதே இல்லை.

இதை நான் சொன்னதும் தேவசகாயம் சார் வரைபடத்தைக் கேட்டார். வரைபடம் மதராஸில் ஏஜென்சி பீரோவில் இருந்தது. என்னிடம் இருந்தது என் ஞாபகம் மட்டும்.

“தம்பி, கதவுல எழுதியிருக்கு. நீ ஞாபகத்துல இருக்குங்கிற. நான் எதை நம்ப?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சுவரில் இருப்பது நாலு அங்குல கார்க், நாலு அங்குல கார்க்குக்கு நாலு பி.டி.யு.தான் வரும் என்று சொன்னேன். அந்தக் கார்க் உள்ளே என்ன தரத்தில் இருக்கிறது, பலகைக்கும் பலகைக்கும் இடையே தார் ஒழுங்காகப் போட்டதா, அதை இப்போது நானோ அவரோ சுவரைப் பிளக்காமல் சொல்ல முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். சொல்ல முடியாதுதான்.

இதற்கிடையில் முதலாளி அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, குளிர் குறைவதாக வருத்தத்தோடு தெரிவித்துக்கொண்டிருந்தார். அவர் திறக்கும்போதெல்லாம் கோச்சடையின் வெயில் ஒரு கூடை உள்ளே போனது. இரண்டு இஞ்சினியர்களும் முதல் முறையாக ஒத்துப்போனது அதை நிறுத்துவதில்தான். அவர் அறை, அவர் சாவி. நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் போய்த் திறந்தார்.

அந்த நேரத்தில் டாக்டர் மரகதம் வந்தார். நின்றபடியே இருவர் கணக்கையும் கேட்டார். மருந்து மலைக்குப் போனால் திருவிழா முடிவதற்குள் திரும்பி வராது, கூட்டம் ஊசியில்லாமல் ஊருக்குத் திரும்பும். இங்கேயே இருந்து சூடாகிவிட்டால் எந்தப் பெட்டி கெட்டது, எந்தப் பெட்டி நல்லது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத மருந்தை ஒருவர் கையில் குத்த மாட்டேன் என்றார். முதலில் முதலாளியிடம் கை நீட்டி அறைச் சாவியை வாங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு எங்களிடம் கேட்டார். “நீங்க பதினொண்ணுங்கிறீங்க, இவரு நாலுங்கிறாரு. எனக்கு ரெண்டும் புரியல. எம்புட்டு நேரத்துல எம்புட்டு ஐஸ் கரையும்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னோம். தேவசகாயம் சார் கணக்கில் மணிக்கு முப்பத்தெட்டு ராத்தல், என் கணக்கில் பதினாலு.

“கரைஞ்ச தண்ணி எங்க போகும்?”

தரையில் ஒரு வடிகால் குழாய் இருந்தது. உருகும் நீர் அதன் வழியே பின்பக்கச் சுவருக்கு வெளியே வந்து சாக்கடையில் விழும். காற்று உள்ளே போகாமலிருக்க வளைவு வைத்த குழாய். நான்தான் வைத்தேன். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

“காலரா வார்டுல வயித்துக்குள்ள எட்டியா பாக்குறோம்? வெளிய எம்புட்டு போச்சுன்னு அளந்துதான் உப்புத்தண்ணி ஏத்துறோம். கதவத் திறக்க வேணாம். குழாயில வர்றத அளங்க” என்றார்.

தேவசகாயம் சார் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று கொண்டுவரச் சொன்னார். தகரம் நாலு கேலன் பிடிக்கும். ஒரு கேலன் தண்ணீர் பத்து ராத்தல். அவர் கணக்கு சரியென்றால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஏறக்குறைய தகரத்தின் விளிம்பைத் தொட வேண்டும். என் கணக்கு சரியென்றால் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டி நிற்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஆணியால் கோடு கீறினார். நாலையும் பதினொன்றையும் பற்றிய வாக்குவாதம் அதோடு முடிந்தது. இனி பேச வேண்டியது தகரம்.

பத்து பாரையும் ஒரே மூச்சில் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினோம். கார் வாசலில் காத்திருந்தது. ஒரு மணி நேரம் அளந்துவிட்டு, தேவசகாயம் சார் சொல்வதுதான் சரியென்றால் கார் மலைக்குப் போகும் என்று டாக்டர் சொன்னார்.

முதலில் குழாயிலிருந்து சொட்டுக்கூட வரவில்லை. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். சூடே உள்ளே போகவில்லை, இரண்டு பேர் கணக்கும் தப்பு என்றார். எனக்கு அப்படியே இருக்கட்டும் என்று ஓர் ஆசை வந்தது. தேவசகாயம் சார்தான், பார்கள் உறைநிலைக்கும் கீழே உள்ள குளிரில் இருந்து வந்தவை, அந்தக் குளிர் தணிந்து உருகும் நிலைக்கு வந்த பிறகுதான் சொட்டும், அதுவரை அளக்கக் கூடாது என்றார். அந்த நிமிடம் அளந்திருந்தால் கணக்கு எனக்குத்தான் சாதகம். அவர் அதை எடுத்துக்காட்டினார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எதிராளி நேர்மையானவராக அமைந்துவிட்டால் உங்கள் வேலையில் பாதியை அவரே செய்துவிடுவார்.

சொட்ட ஆரம்பித்து, சொட்டு நூலாகி, நூல் ஒரே சீராக விழத் தொடங்கிய பிறகு அவர் தகரத்தை வைத்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நாலு பேரும் சாக்கடையைச் சுற்றி நின்றோம். அந்த வழியாகப் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தகரத்தில் தண்ணீர் விழுவதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்கள்.

தண்ணீர் என் கோட்டை நோக்கி ஏறியது. கோட்டைத் தொட்டது. இன்னும் நேரம் இருந்தது. என் கோடு தண்ணீருக்குள் போய் மறைந்தது. பதினொரு கிலோ கலோரி என்பது உண்மையிலேயே என் ஞாபகம்தானா, நான் வேண்டி விரும்பி உண்டாக்கிக்கொண்டதா என்றுகூட அந்தச் சில நிமிடங்களில் சந்தேகம் வந்துவிட்டது.

மணி ஆனதும் தேவசகாயம் சார் தகரத்தை இழுத்தார். சரியாகப் பாதி.

“நான் சொன்னதும் இல்ல, இவன் சொன்னதும் இல்ல” என்றார்.

அரைத் தகரம் என்றால் இருபது ராத்தல். சதுர அடிக்கு ஆறு பி.டி.யு.வுக்குச் சற்றுக் குறைவு. ஏன் என்று அங்கேயே இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். என் அலகு மாற்றம் சரி. பதினொன்று நாலுதான். ஆனால் அந்தப் பதினொன்று குளிர் நாட்டில் போட்ட எண். அங்கே கோடைக்கு வெளிச்சூடு என்று எதை எழுதியிருந்தார்களோ, அது எங்கள் தகரக் கூரையின் கீழே சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்கு இருந்த சூடு இல்லை. அலகை மாற்றினேன், வெயிலை மாற்றவில்லை. அதற்கு எந்த அட்டவணையிலும் பெருக்கு எண் கிடையாது. கார்க்கைப் பற்றி அவர் எழுப்பிய சந்தேகத்துக்கும் அந்த அரைத் தகரத்தில் ஏதோ பங்கு இருந்திருக்கலாம். எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டாக்டருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. பத்து பார் எத்தனை நேரம் நிற்கும் என்றார். கதவைத் திறக்காவிட்டால் இரண்டு நாளும் கொஞ்சமும் என்றோம். காதர் பாய் வருவதற்கும் இரண்டு நாள். சரி என்று சொல்லி, காரை மலைக்கு அனுப்பாமல் ஊசி போடும் முகாமுக்கு வைத்துக்கொண்டார். தினமும் விடிந்ததும் ஒரே தடவை கதவைத் திறந்து அன்றைக்குத் தேவையானதை எடுப்பது என்று முடிவானது. இடையில் முதலாளி மூன்று தடவை சாவி கேட்டதாக டாக்டர் பிறகு சொன்னார்.

மறுநாள் நடுப்பகலில் அவர் காரில் திரும்பி வந்தார். வில்லாபுரத்தில் ஒரே தெருவில் நாலு பேருக்குக் காலரா கண்டிருந்தது. அங்கே அன்றே ஊசி போட்டாக வேண்டும், கையிலிருந்த மருந்து தீர்ந்துவிட்டது. வெயில் உச்சியில் இருந்த நேரம்.

“தம்பி, இப்ப திறந்தா எம்புட்டு போகும்?” என்று என்னைக் கேட்டார்.

சுவருக்கு எண் இருந்தது. கதவுக்கு இல்லை. எத்தனை பேர் நுழைவார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதையெல்லாம் பொறுத்தது அது. ஒரு எண் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். முந்தின நாள் என் கோடு தண்ணீரில் மறைந்ததைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

“தெரியாதும்மா” என்றேன்.

தேவசகாயம் சாரைப் பார்த்தார். அவரும் தெரியாது என்றார். டாக்டருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தெரியாது என்றால் இரண்டு தடவை திறக்க வேண்டாம், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று சொல்லி, இருந்த பெட்டிகள் மொத்தத்தையும் எடுக்கச் சொன்னார். மூன்று பார்களை உடைத்து மரப்பெட்டிகளில் மருந்தைச் சுற்றி அடைத்து, ஈரச் சாக்கு போட்டுக் காரிலும் ஒரு ஜட்கா வண்டியிலும் ஏற்றினோம். மிச்ச மருந்தை காதர் பாய் வரும்வரை காப்பாற்றி வைப்பதற்குப் பதிலாக, அந்த ஐஸ் நிற்கும் நேரத்துக்குள் போட்டுத் தீர்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். இரண்டு இஞ்சினியர்களும் ஒரு நாள் முழுக்க யோசித்தது, பொருளை எப்படி வைத்திருப்பது என்பதைத்தான். அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

வேலையில் நெருக்கடி வரும்போது நீங்கள் யாருக்காகக் கணக்குப் போடுகிறீர்களோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஓர் எண்ணைச் சரியாகக் கண்டுபிடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணே தேவையில்லாத வழி ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் காதர் பாய் ஹெட்டோடு வந்து சேர்ந்து இஞ்சினில் பொருத்திக்கொண்டிருந்தார். டாக்டர் மரகதம் காலிப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். ஆற்று மணலிலும் வில்லாபுரத்திலும் நின்று நின்று முகம் கறுத்துப்போயிருந்தது. சேலையில் டிங்சர் கறை. மருந்து பூராவும் தீர்ந்துவிட்டதா என்று தேவசகாயம் சார் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வில்லாபுரத்தில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஊசி போட்ட பிறகு புதிதாக யாருக்கும் இன்னும் வரவில்லை, நாலு நாள் போனால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றார்.

பிறகு பையிலிருந்து சாவியை எடுத்துத் தாமே கதவைத் திறந்தார். உள்ளே மருந்து இல்லை. இரவில் கசிவு குறைந்ததால் மிஞ்சிய ஒரு ஐஸ் துண்டு ஈரத் தரையில் கிடந்தது. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஐஸ் பக்கம் நீட்டினார்.

“கதவச் சாத்துங்க” என்றார்.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாத்தினேன். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தால் மணிக்கு நானூறு பி.டி.யு. கூடும் என்று தேவசகாயம் சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. முதலாளி எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இஞ்சின் இரண்டு தடவை இருமி, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கதவு உள்ளிருந்து திறந்தது. டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

“ஓடிருச்சா?”

ஓடிவிட்டது என்றேன்.

“அப்ப காலையில அடுத்த பெட்டிக வருது. இடம் வச்சிருங்க” என்று சொல்லி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.